களைக்காத கம்பி

உலோகத்துக்கு வயது பார்ப்பதுதான் என் வேலை. உடைந்த போல்ட்டையோ அச்சையோ பல்சக்கரத்தையோ கொண்டுவந்து என் மேஜையில் வைத்தால், அது எவ்வளவு காலம் உழைத்தது, எப்போது அலுத்துப்போனது, யார் அதைப் படுத்தி எடுத்தார்கள் என்று சொல்லிவிடுவேன். மனிதர்கள் விஷயத்தில் எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் எல்லாரையும் பொதுவாகச் சந்தேகப்பட்டு வைத்துவிடுவேன், நேரம் மிச்சம். என் கணவர் கோயிலுக்குப் போகிறேன் என்றால்கூட, எந்தக் கோயில், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்பேன். பாவம், பிரதோஷம் எந்தக் கிழமையில் வருகிறது என்பதை அவர் மனப்பாடமாக வைத்திருக்கிறார்.

உலோகத்தை மட்டும் நான் சந்தேகப்பட்டதே இல்லை. அந்த வடம் வரும்வரை.

கோவைக்குத் தெற்கே ஒரு ஃபவுண்டரி. காற்றாலைகளுக்கு வேண்டிய பெரிய வார்ப்புகளைச் செய்பவர்கள். கிரேனில் இரும்பு ஊற்றும் அச்சுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகையில் வடம் அறுந்து, கீழே நின்றிருந்த திருமூர்த்தி என்பவர் மேல் பெட்டி விழுந்துவிட்டது. ஆள் அந்த இடத்திலேயே போய்விட்டார். கிரேனை ஓட்டியவர் நாட்ராயன். இறந்தவர் அவருடைய தங்கையின் கணவர். இரண்டு பேருக்கும் கிணற்றுத் தண்ணீர் முறை வைப்பதில் தகராறு. விபத்துக்கு முந்தின வாரம்தான் டீக்கடையில் நாலு பேர் நடுவில், "எங்கையில மாட்டாமயா போயிருவ?" என்று நாட்ராயன் கத்தியிருக்கிறார். போலீசுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? கொலை என்று எழுதி அவரை உள்ளே வைத்துவிட்டார்கள்.

வடமும் சாதாரண வடம் இல்லை. 'இளங்கம்பி' என்று ஒரு நிறுவனம் செய்து விற்பது. லிஃப்ட், கிரேன், மலைக்கோயில் ரோப்கார் என்று எங்கே பார்த்தாலும் அதுதான். எந்த உலோகத்தையும் திரும்பத் திரும்ப இழுத்து விட்டால் ஒருநாள் களைத்து அறுந்துவிடும். இது களைக்காது, இழுக்க இழுக்க இளமையாகும் என்பது அவர்கள் விளம்பரம். விளம்பரத்தை நம்புகிறவள் இல்லை நான். ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தபோது அறுந்த முனையில் களைப்பின் அடையாளம் ஒன்றுகூட இல்லை. குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது.

"உமாபதி, இதை நல்லாக் கழுவினீங்களா?" என்று கேட்டேன். உமாபதி எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூத்த உதவியாளர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து கூட இருப்பவர்.

"எப்பவும் போலத்தானுங்க மேடம். அசிட்டோன்ல ஊற வெச்சு, தேச்சுக் கழுவி, மிசின்ல பூட்டி மெதுவா நாலு இழுப்பு இழுத்து நேராக்கித்தான் வெச்சேன்."

அது நான் சொல்லிக்கொடுத்த முறை. அழுக்கோடு எதையும் பார்ப்பதில்லை, கோணலாக எதையும் அளப்பதில்லை.

களைப்பில்லாத வடம் அறுந்தது என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். ஒரே ஒரு பயங்கரமான வெட்டு இழுப்பு. அதாவது, ஓட்டியவர் வடத்தைத் தளரவிட்டு வெடுக்கென்று தூக்கியிருக்க வேண்டும். நேர் கீழே, அவருக்கு ஆகாத ஆள் நின்றிருந்தார். இப்படி நான் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் நாட்ராயன் வெளியே வரவே மாட்டார்.

எழுதியிருப்பேன். ஆனால் ஒரு தப்பும் செய்யாதவர் என்று யாரையாவது என் முன்னால் நிறுத்தினால் எனக்கு உள்ளே அரிக்கும். அந்த வடத்தைப் பார்த்தபோதும் அரித்தது.

நிறுவனத்திலிருந்து டாக்டர் தேவசகாயம் வந்தார். இளங்கம்பியைக் கண்டுபிடித்த குழுவின் தலைவர். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், என் நாற்காலியைக்கூட அவரே இழுத்துப் போட்டார். இவ்வளவு மரியாதை எனக்கு ஒத்துவராது. யாராவது அளவுக்கு மீறிப் பணிவாக இருந்தால் என் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

"உலோகத்துக்குள்ள அணுக்கள் வரிசை வரிசையா உக்காந்திருக்கு மேடம்" என்று ஆரம்பித்தார். "கல்யாணப் பந்தியில நீள பெஞ்சுல ஜனங்க உக்காந்திருக்கிற மாதிரின்னு வச்சுக்கிடுங்க. பாரம் இழுக்கும்போது ஒருத்தர் நடுவுல புகுந்து 'கொஞ்சம் தள்ளுங்க'ங்கிறார். பக்கத்து ஆள் தள்ளணும். அவர் அடுத்தவரைத் தள்ளணும். அந்த நெரிசல் வரிசையில நகந்துகிட்டே போகும்."

"போய்ப் போய் ஒரு இடத்துல முட்டி விரிசல் விடும். அதைத்தானே நான் தினமும் பார்க்கறேன்?"

"நீள பெஞ்சுன்னா முட்டும். எங்க வடத்துல ஒவ்வொரு இழையும் கண்ணுக்கே தெரியாத சின்னப் படிகம். மூணே பேர் உக்கார்ற பெஞ்சு. தள்ளினா ஓரத்து ஆள் எழுந்து போயிடுவார். நெரிசல் தீந்துபோச்சு. வேலை செய்யச் செய்ய, உள்ள இருக்கிற நெரிசல் எல்லாம் ஓரம் வழியா வெளிய போயிடும். கம்பி பழையபடி ஆயிடும்."

"அப்ப அதுக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது."

"அப்படியும் சொல்லலாம்."

"தூக்க வேண்டிய பாரத்தைப்போல ரெண்டு மடங்கு தூக்கினா?"

"அறுந்து போற அளவுக்குப் போகாத வரைக்கும், அடுத்த மூணு நாலு இழுப்புல மறந்துடும்."

எவ்வளவு சௌகரியமான உலோகம்! முதலாளிமார்கள் தவமிருந்தாலும் இப்படி ஒன்று கிடைக்காது. எனக்கு எரிச்சலாக இருந்தது. வீம்புக்கு ஒரு கேள்வி கேட்டேன். "பெஞ்சு ஓரத்துல சுவர் இருந்தா? அந்த ஆள் எந்திரிச்சு எங்க போவார்?"

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வடத்தை வெறுமையாத்தான் வச்சிருக்கணும்னு நாங்க சொல்லியிருக்கோம். எண்ணெய் போடக் கூடாது, பெயிண்ட் அடிக்கக் கூடாது" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை. காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு அவசர வேலை என்று கிளம்பிவிட்டார். இந்த மனிதர் எதையோ மறைக்கிறார் என்று அப்போதே முடிவு கட்டினேன்.

அந்த வாரமே ஃபவுண்டரிக்குப் போனேன். மேனேஜர் கூடவே நடந்தார், ஒரு தொழிலாளியோடும் தனியாகப் பேச விடவில்லை. ஆயுத பூஜைக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன. போன வருஷத்துப் பொட்டுகள் மங்கலாக எல்லா இயந்திரத்திலும் இருந்தன. மண் கலக்கும் இயந்திரம், லேத், எடை மேடை, கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்த தண்ணீர் மோட்டார்கூட விடுபடவில்லை. மஞ்சள் வட்டம், நடுவில் சிவப்பு. ஃபவுண்டரி சூட்டில் சந்தனமும் குங்குமமும் ஒருநாள்கூடத் தங்காது என்று எனாமல் பெயிண்டிலேயே வைத்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் இது சாதாரணம்.

கிரேன்களில் மட்டும் பொட்டு இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். கொக்கிக்கு மேலே, வடம் தொடங்கும் இடத்தில், புதிதாகச் சுரண்டிய தடம். அறுந்த வடத்துக்குப் பதில் புது வடம் போட்டிருந்த கிரேனை விட்டுவிடுவோம். மற்றக் கிரேன்கள் எல்லாவற்றிலும் அதே தடம்.

"இங்க பொட்டு இருந்துச்சுங்களா?"

"க்ளீனிங் பண்ணச் சொன்னாங்க மேடம்."

"கிரேனுக்கு மட்டும் க்ளீனிங்கா? யார் சொன்னது?"

மேனேஜர் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே, "கம்பெனிலருந்து சொன்னாங்க" என்றார்.

ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை நம்மூரில் யாரும் சுரண்ட மாட்டார்கள். தானாகத் தேய்ந்து போனால் போகட்டும், அடுத்த பூஜைக்கு அதன்மேலேயே புதிதாக வைப்பார்கள். பொட்டை அழிப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று தெரிந்த ஊரில், பூஜைக்குச் சில வாரம் முன்னால், கத்தியை வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். நான் தேவசகாயத்திடம் சுவரைப் பற்றிக் கேட்டேன், அவர் எழுந்து ஓடினார், இங்கே சுரண்டல் நடந்திருக்கிறது. இதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திருமூர்த்தியின் மனைவி பூங்கொடி; நாட்ராயனின் தங்கை.

"எங்கண்ணனைப் பத்தி எழுதப் போறது நீங்கதானுங்களா?"

"நான் கம்பியைப் பத்தித்தாம்மா எழுதுவேன்."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. "எங்கண்ணன் செஞ்சிருக்காதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டுத் திரியறனுங்க" என்றாள். "ஆனா தனியா இருக்கறப்ப எனக்கே உள்ளுக்குள்ள உறுத்துது. அது கோவக்காரந்தான். கெணத்து மேட்டுல ஒருக்கா மம்முட்டியத் தூக்கிட்டு வந்ததும் நெசந்தான். செஞ்சிருந்தா செஞ்சான்னு சொல்லிப் போடுங்க. செய்யலீன்னா அதையாவது சொல்லிப் போடுங்க. புருசனுக்கு அழுவறதா, அண்ணனுக்கு அழுவறதான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டீங்குது."

சந்தேகத்தோடு வாழ்வது எனக்குத் தொழில், சம்பளம் தருகிறார்கள். இந்தப் பெண்ணுக்கு என்ன தலையெழுத்து?

"வடத்துல பொட்டு வெச்சது யாரும்மா?"

"எங்கூட்டுக்காரருதானுங்க. ஊட்டு கேட்டுக்கு அடிச்சு மிச்சமான பெயிண்ட் டப்பாவை எடுத்துட்டுப் போனாரு. ஏனுங்க, அதுல தப்புங்களா?"

"பொட்டு வெச்சதுல தப்பில்லை. எவ்வளவு பாரம் தூக்குவாங்கன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா?"

"அதுக்குத்தானுங்களே டெய்லி பொலம்புவாரு. ஒரு பொட்டி தூக்கற எடத்துல ரெண்டு பொட்டி சேத்துத் தூக்கறாங்களாமா. கேட்டா, கம்பிக்கே ஒண்ணும் ஆகுல, உனக்கென்னடா நோவுதுன்னு மொதலாளி சத்தம் போடுவாராமா. ரெண்டு பொட்டி தூக்கறதை எங்கண்ணனும் சொல்லியிருக்குதுங்க."

அவள் போனபின் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அந்தப் பெயிண்ட்தான் பெஞ்சு ஓரத்துச் சுவர். வடம் முழுக்கப் பட்ட பாட்டை மறந்து மறந்து இளமையாக இருக்க, பொட்டுக்கு அடியில் மட்டும் நெரிசல் வெளியேற வழியில்லாமல் ஒரு வருஷமாகச் சேர்ந்திருக்கிறது. அதனால்தான் அங்கே அறுந்தது. முறையான பாரம் என்றால் அங்கேயும் பல வருஷம் தாங்கியிருக்கும்; சாதாரண எஃகு வடம் தாங்குவதில்லையா? இரண்டு பெட்டி தாங்கவில்லை. அப்படியானால் நாட்ராயன் வெடுக்கென்று இழுக்கவில்லை. அன்று யார் ஓட்டியிருந்தாலும், கீழே யார் நின்றிருந்தாலும், பெட்டி விழுந்திருக்கும்.

ஆனால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? எங்களுக்கு வந்த முனையில் இருந்த பெயிண்டை உமாபதி கழுவிவிட்டார். கழுவி, நாலு இழுப்பும் இழுத்துவிட்டார். வடம் எங்கள் இயந்திரத்திலேயே எல்லாவற்றையும் மறந்துவிட்டது. மறுமுனை கொக்கியோடு போலீஸ் ஸ்டேஷனில் சாக்குக்குள் கிடந்தது. போய்ப் பார்த்தேன். அறுந்த ஓரத்தில் மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருந்தன.

தொழிற்சாலைச் சாவுகளை விசாரிக்கத் தனி மன்றம் ஒன்று இருக்கிறது. அங்கே மனுப் போட்டேன். நீதிபதி ஒரு அம்மாள், எதையும் இரண்டு முறை கேட்கிறவர். முனையை இரண்டாக வெட்டச் சொன்னார். பெயிண்டோடு ஒரு பாதி தேவசகாயத்தின் கூடத்துக்கு, ஏனென்றால் நெரிசலை வைத்துப் பாரத்தைக் கணக்கிடும் கருவி அங்கேதான் உண்டு. மறு பாதி என்னிடம். இரண்டு தரப்பு வக்கீல்களும் நிற்கும்போதுதான் நான் அதைத் திறந்து பார்க்க வேண்டும், அதற்கு நாளும் குறித்தார்.

துண்டை வாங்கிப் போக தேவசகாயமே வந்தார். உட்காரக்கூட இல்லை. "பெயிண்ட் அப்படியே இருக்குல்ல மேடம்? யாரும் தொடலையே?" என்றார்.

இதை ஏன் கேட்கிறார்? அந்தத் துண்டைச் சுரண்டி லேசாகச் சில முறை இழுத்துவிட்டால் போதும், யாரும் எதையும் உடைக்காமல், திருடாமல், தடயம் போய்விடும். சோதனை செய்தேன் என்றே சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கே உட்கார்ந்து மன்றத்துக்கு இன்னொரு மனு எழுதினேன். 'டாக்டர் தேவசகாயம் தடயத்தை அழிக்கக்கூடியவர். ஆலையில் பொட்டுகளைச் சுரண்டச் சொன்னவர் அவரே என்று நம்ப இடமிருக்கிறது. அவர் கையிலிருந்து வரும் எந்த முடிவையும் மன்றம் நம்பக் கூடாது.'

என் கணவர் படித்துப் பார்த்துவிட்டு, "மங்கை, இவ்வளவு காரம் வேணுமா? அந்தாள் இன்னும் ஒண்ணுமே பண்ணலையே" என்றார்.

"உங்களுக்கு அந்தக் கம்பெனில யாரைத் தெரியும்?" என்று கேட்டேன். அவர் எழுந்து காய்கறி வாங்கப் போய்விட்டார்.

என் பாதியை ஒரு காகித உறையில் போட்டு, மேலே எதுவும் எழுதாமல், என் அலமாரியின் அடித்தட்டில் பழைய கோப்புகளுக்குப் பின்னால் வைத்தேன். உமாபதியிடம்கூடச் சொல்லவில்லை. நல்லவர்தான், ஆனால் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் வந்து எதைக் காட்டி என்ன கேட்பார்களோ, யார் கண்டது?

குறித்த நாளில் எல்லாரும் கூடினார்கள். கம்பெனி வக்கீல், நாட்ராயனின் வக்கீல், மன்றத்து ஊழியர். நான் உறையை எடுத்து மேஜையில் கவிழ்த்தேன். துண்டு விழுந்தது. பளபளவென்று வெள்ளி மாதிரி இருந்தது. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை.

"உமாபதி?" என்றேன்.

அவர் பெருமையோடு முன்னால் வந்தார். "அலமாரி அடுக்கறப்பப் பாத்தேனுங்க மேடம். பேரு போடாம, கழுவாம, பெயிண்டோட கெடந்துச்சு. வேல மும்முரத்துல மறந்துட்டீங்கன்னு நானே கழுவி, இழுத்து நேராக்கி வெச்சுட்டேனுங்க."

அவரை என்ன சொல்வது? நான் கற்றுக்கொடுத்ததை ஒரு பிழையில்லாமல் செய்திருந்தார். 'இதைத் தொடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியிருப்பார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரை நம்ப வேண்டியிருந்தது, நான் நம்பவில்லை. நுண்ணோக்கியில் எல்லாரும் மாறி மாறிப் பார்த்தார்கள். களைப்பே இல்லாத கம்பி. கம்பெனி வக்கீல் குறித்துக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரணை நாள் வந்தது. நாட்ராயன் கூண்டில் தலையைக் குனிந்து நின்றார். பூங்கொடி கடைசி வரிசையில், இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேவசகாயத்தின் துண்டும் பளபளத்துக்கொண்டுதான் வரும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். அவர் பெட்டியைத் திறந்து எடுத்து வைத்தார். மஞ்சள் வட்டத்தில் பாதி, நடுவில் சிவப்பு. ஒரு கீறல்கூட இல்லை.

அவர் தன் மெல்லிய குரலில் சொல்ல ஆரம்பித்தார். பொட்டுக்கு அடியில் நெரிசல் மலைபோலக் குவிந்திருக்கிறது. அதன் நெருக்கத்தைப் பார்த்தால் ஒரு வருஷமாகத் தினமும் இரண்டு மடங்கு பாரம் தூக்கியிருக்கிறார்கள். இழைகள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு காலத்தில் அறுந்திருக்கின்றன. ஒரே வெட்டில் அறுந்ததற்கு அடையாளம் இல்லை. "கிரேன் ஓட்டினவர் மேல தப்பு இல்லைங்க அம்மா" என்றார் நீதிபதியிடம்.

"மற்றக் கிரேன்களில் பொட்டைச் சுரண்டச் சொன்னது யார்?" என்று நீதிபதி கேட்டார்.

"நான்தான். இந்த மேடம் என்கிட்ட ஒரு கேள்வி கேட்டாங்க, பெஞ்சு ஓரத்துல சுவர் இருந்தா என்ன ஆகும்னு. பெயிண்ட் அடிக்காதீங்கன்னு சொல்லி வச்சதோட சரி, ஒரு பொட்டே சுவராயிடும்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தோணலை. அன்னைக்குத்தான் யோசிச்சேன். பெயிண்ட் பட்ட எடமெல்லாம் அறுந்து யார் தலையிலயாவது விழும்னு புரிஞ்சுது. நம்ம ஊர்ல பொட்டு வைக்காத மிசின் உண்டாம்மா? எங்க ஆஃபீஸ்ல இதைப் பேசாதேன்னாங்க. நானே ஒவ்வொரு ஆலைக்கும் போன் பண்ணிச் சுரண்டச் சொன்னேன்."

நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. என் மனுவை எடுத்து நிதானமாகப் படித்தார். "'தடயத்தை அழிக்கக்கூடியவர்... அவர் கையிலிருந்து வரும் எந்த முடிவையும் மன்றம் நம்பக் கூடாது.' இதை எழுதியது நாங்கள் இல்லை அம்மா. எதிர்த்தரப்பு நிபுணர். அவரிடமிருந்த பாதியில் களைப்பே கிடையாது. நம்பக் கூடாது என்று அவரே சொன்னவரிடமிருந்த பாதியில் மட்டும் களைப்பு இருக்கிறது." தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார். "டாக்டர், பெயிண்டோடு இருக்கும் நல்ல துண்டை உங்கள் இயந்திரத்தில் பூட்டி, சில நாள் இரண்டு மடங்கு பாரத்தில் இழுத்தால் இதே அடையாளம் வருமா, வராதா?"

தேவசகாயம் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "வரும்" என்றார்.

வராது என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்த அறையில் அதை மறுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், நான் மறுத்திருக்க மாட்டேன். சொந்த நிறுவனத்தை எதிர்த்து நிற்கிற மனிதர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சின்னப் பொய்யைக்கூட எடுக்கவில்லை. பின்வரிசையில் பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி என்னை அழைத்தார்.

"உங்கள் மனுவில் உறுதியாக இருக்கிறீர்களா?" என்று வக்கீல் கேட்டார்.

"இல்லை."

"அன்றைக்கு நம்பவில்லை, இன்றைக்கு நம்புகிறீர்கள். இடையில் என்ன புதுச் சான்று கிடைத்தது?"

கையிலிருந்தது நுண்ணோக்கியில் காட்ட முடியாத விஷயம். 'வரும்' என்று ஒருவர் சொன்னதை எந்தக் கண்ணாடியின் கீழ் வைப்பது? காலமெல்லாம் சான்று கேட்டே வாழ்ந்தவளிடம் இப்போது சான்று கேட்டார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது, கூண்டில் நிற்கிறவர் கதி என்ன ஆகுமோ என்று.

"அவருடைய துண்டில் பெயிண்ட் இருக்கிறது. என்னுடைய துண்டில் இல்லை" என்றேன். "அவர் அழித்துவிடுவார் என்று பயந்து ஒளித்து வைத்தேன். ஒளித்து வைத்ததால் என் உதவியாளர் விவரம் தெரியாமல் கழுவிவிட்டார். விவரத்தை நான் சொல்லவில்லை, ஏனென்றால் அவரையும் நான் நம்பவில்லை. முதலில் வந்த முனையிலும் பெயிண்டைக் கழுவியது என் கூடம்தான். இரண்டு முறை தடயத்தை அழித்தது நான். அம்மா, அந்த மனுவில் டாக்டர் தேவசகாயம் என்று வருகிற இடத்தில் எல்லாம் மங்கையர்க்கரசி என்று என் பெயரைப் போட்டு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். பொட்டைச் சுரண்டச் சொன்ன வரியைத் தவிர ஒரு வார்த்தை தப்பு வராது."

நீதிபதி மனுவை வாங்கி, தனக்குள்ளேயே படித்தார். வழக்கம்போல இரண்டு முறை படித்தார். பிறகு உமாபதியைக் கூப்பிட்டு விசாரித்தார். உமாபதி கண் கலங்கி, தன் கையால்தான் கழுவியதாகச் சொன்னார், மஞ்சளும் சிவப்பும் அசிட்டோனில் கரைந்து ஓடியதைக்கூடச் சொன்னார். மேனேஜரைக் கூப்பிட்டார். இரண்டு பெட்டி தூக்கியதில்லை என்று சொன்ன மேனேஜர், மூன்றாவது கேள்வியில் தண்ணீர் கேட்டார்.

தீர்ப்பு அடுத்த வாரம் வந்தது. நாட்ராயன் மேல் குற்றமில்லை. முதலாளி மேலும் கம்பி நிறுவனத்தின் மேலும் வழக்கு. எங்கள் கூடத்தின் உரிமத்தைக் கொஞ்ச காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். தடயத்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்காக. அதில் எனக்கு வருத்தமில்லை. தேவசகாயத்தை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். காரணமாக அவர்கள் காட்டியதும் என் மனுவைத்தான். அந்த வருத்தம் எனக்கு இன்றுவரை போகவில்லை.

மன்றத்து வாசலில் நாட்ராயன் தங்கையின் முன்னால் போய் நின்றார். கிட்ட நெருங்கத் தயங்கினார். அவள்தான் எட்டி அவர் கையைப் பிடித்தாள். "வாண்ணா, ஊட்டுக்குப் போலாம்" என்றாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. புருஷனுக்காக மட்டும் அழுகிற அழுகை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் வந்துவிட்டது.

வேப்பமரத்து நிழலில் தேவசகாயம் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். கிட்டப் போய், "சார், நான் உங்களுக்குப் பண்ணினது பெரிய பாவம். மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிச்சுட்டேன்னு சொல்லிடுவேன் மேடம்" என்றார். "ஆனா நீங்க அதை நம்ப மாட்டீங்களே."

ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.